தயாரிப்பு ஆண்டு

படிவத்தில் நான்கு இலக்கத்துக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
தயாரிப்பு ஆண்டு?
கேட்பது மாயவரம் சார்பு நீதிமன்றம்.

குத்தாலம் அரவை மில்லின் பின்கட்டில்
உமிக்குவியலை ஒட்டி
செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது
அபயாம்பிகை மோட்டார் சர்வீஸ்
மாயவரம் – மதராஸ் இரவு வண்டி.
உள்ளே சாக்கு மூட்டைகள்.
வாதி அஞ்சுகம், பிரதிவாதி தையல்நாயகி,
அண்ணன் மகளும் தம்பி மகளும்;
இருவரும் வந்திருக்கிறார்கள், தனித்தனி ஆட்டோவில்.
நான் மதிப்பீட்டாளன்.
டேப், டார்ச், ஒரு திருப்புளி.

சட்டம் பர்மா தேக்கு.
மூலைக்கு மூலை கழுந்தும் துளையும், ஆணியே இல்லை.
ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பலகைதான்;
தோல்வாரை இழுத்தால் ஏறும்
விட்டால் விரல் போகும்.
தடுப்புக்கு முன்னால் முதல் வகுப்பு, ஆறு பேர், தேங்காய்நார் மெத்தை.
பின்னால் இருபது பேருக்கு வெறும் பலகை.
அந்தப் பலகையையும் ஒரு விரற்கடை சாய்த்து இழைத்திருக்கிறான்
நள்ளிரவை யோசித்த எவனோ ஒரு தச்சன்.
உள்தகட்டைக் கழற்றினேன். பென்சிலில்:
'பிரமாதி வருஷம் ஆவணி. இடப்பக்கம் கால் அங்குலம் குறை.'
ஆக, முப்பத்தொன்பது.

எழுதப் போனேன்.
அடிச்சட்டத்தின் எண் வேறு சொன்னது.
போர் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ லாரி,
நாற்பத்தெட்டில் வாங்கியது,
பழையதைவிடப் பதினான்கு அங்குலம் நீளம்.
உடம்பை இடுப்பில் அறுத்து
நடுவில் துண்டு வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள்.

வலப்பக்கம் முழுக்க தஸ்தகீர் வரைந்த மயில்.
மாயவரமாயிற்றே.
அறுத்த இடம் அதன் கழுத்து.
தஸ்தகீர் அதற்குள் பினாங்கு போய்விட்டார்;
விடுபட்ட கழுத்தை நிரப்பியவன்
சைக்கிள் கடைப் பலகை எழுதுகிறவன்,
அவனிடம் இருந்தது ஒரே நீலம், சலவைக்குப் போடுகிற நீலம்.
அன்றிலிருந்து விழுப்புரம் வரைக்கும்
'கொக்கு போயிடுச்சா?'
'இப்பத்தான் போவுது, ஓடு.'

பின்புறம் இரண்டு கொக்கி, கரிவாயு உலை தொங்கியவை.
பெட்ரோல் கிடைக்காத அந்த வருஷங்களில்
அணைக்கரைப் பாலத்தில் இருமி நிற்குமாம்
கிளீனர் இறங்கிக் கரியைக் கிளற
கீழே மதகில் கொள்ளிடம் போய்க்கொண்டிருக்க
முதல் வகுப்பு ஆறு பேரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம்.

ஐம்பத்தெட்டில் எஞ்சினும் டீசலுக்கு மாறிவிட்டது.
டிரைவர் சவேரிமுத்து குறிப்பேட்டில் புகார் எழுதியிருக்கிறார்:
'அதிர்வு ஜாஸ்தி. சுண்ணாம்பு வெற்றிலையில் விழாமல் வேட்டியில் விழுகிறது.'

பிறகு கூரை.
அது ஐம்பத்திரண்டு. புயல் பிய்த்துக்கொண்டு போய்
நீடூரில் யாரோ ஒருவர் சம்பாப் பயிரில் போட்டது.
புதுக்கூரை வேய்ந்தவர் மரியசூசை,
தரங்கம்பாடியில் படகு கட்டுகிறவர்.
பஸ்ஸுக்குக் கூரை அவருக்குத் தெரியாது,
தெரிந்ததைச் செய்து கவிழ்த்து வைத்துவிட்டார்.
டார்ச் அடித்தால் உள்ளே விலா எலும்பு விலா எலும்பாகத் தெரிகிறது.

'கூரையிலேர்ந்து எல்லாம் எங்கப்பா காசு' என்றாள் அஞ்சுகம்.
'கூரை எது மேல நிக்குது?' என்றாள் தையல்நாயகி.
'சார், ஒரே வண்டியா, நாலு வண்டியா?'
பதிவெண் ஒன்றுதான், அம்மா.
அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கட்டத்தில் முதலில் 1939 எழுதி அடித்தேன்.
1948 எழுதி அடித்தேன்.
இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன்:
'பார்க்க: கழுத்து.'
திருப்பி அனுப்புவார்கள்.

மழை பிடித்துக்கொண்டது.
மில் தகரம் ஒழுகியது. ஆட்டோக்காரர்கள் எங்கோ ஒதுங்கினார்கள்.
மூவரும் வண்டிக்குள் ஏறினோம்.
டிரைவர் பக்கம் சொட்டியது, எஞ்சின் மூடியில் டொக் டொக்கென்று;
மரியசூசையின் கீழே ஒரு பொட்டு இல்லை.
சாய்ந்த பலகையில் இந்த ஓரம் அஞ்சுகம், அந்த ஓரம் தையல்நாயகி
நடுவே ஒரு மூட்டை.
தோல்வாரை இழுத்தேன்.
ஜன்னல் ஏறியது.